கேனில் கட்டிய சிவப்புத் துணி

2025 ஜனவரி 11, சனி

காலை ஆறரைக்குத் தோப்பை ஒட்டின தரிசிலிருந்து ஏறினோம். நான் முன்னால், முருகதாஸ் பின்னால். இராஜாக்கமங்கலம் கடற்கரையைப் பிடித்துக் கடியப்பட்டணம் வரை போய்த் திரும்பினோம். காற்று நல்ல பிள்ளையாக இருந்தது. முருகதாஸ் மைக்கில் பழைய பாட்டாக எடுத்து விட்டுக்கொண்டே வந்தான். சுருதிக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆயிரம் அடியில் வைத்து ஒருவனை இறக்கிவிடவும் முடியாது.

ஊரில் எங்கள் பறக்கும் வண்டிக்குக் 'கொசு' என்று பேர். மேலே துணி இறக்கை, கீழே மூன்று சக்கரம், முதுகுக்குப் பின்னால் கத்துகிற டூ ஸ்ட்ரோக் என்ஜின். நான் ஷார்ஜாவிலிருந்து திரும்பின வருஷம் இருவரும் கூட்டாக வாங்கினோம். பெங்களூர் பக்கம் போய்க் கற்றுக்கொண்டு வந்ததும் கூட்டாகத்தான். அவனுக்கு மோட்டார் வைண்டிங் கடை. எனக்கு ஓய்வு.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நேசபாய் சொன்னாள்: "பேரப்பிள்ளை பட்டம் விடுத காலத்துல நீங்க பறந்துக்கிட்டு நடக்கிய." தோசை மட்டும் மொறுமொறுப்பாகத் தந்தாள்.

ஜனவரி 18, சனி

நாளை சபையில் அசன விருந்து. இரண்டாயிரம் பேருக்குச் சோறு. சமையல் பொறுப்பு என் தலையில். அதனால் முருகதாஸ் தனியாகப் பறப்பான்.

சாயங்காலம் ஷெட்டுக்குப் போய் அவனுக்கு வேண்டிய பெட்ரோலை எடுத்து வைத்தேன். ஷெட்டில் இரண்டு வெள்ளை கேன். ஒன்று தோப்புத் தண்ணீர் பம்புக்கு, வெறும் பெட்ரோல். மற்றது கொசுவுக்கு, ஆயில் கலந்தது. ஆயில் இல்லாமல் ஓட்டினால் அந்த என்ஜின் சூடேறி இறுகி நின்றுவிடும். நாங்கள் வாங்கும் ஆயிலுக்கு நிறம் கிடையாது. பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதற்காக நான் போட்ட சட்டம்: ஆயில் ஊற்றிய பிறகு கேனின் கழுத்தில் சிவப்புத் துணி. துணி இருந்தால் மறு கேள்வி இல்லை. "அண்ணே, நீங்க செத்தா பெட்டியிலயும் செவப்புத் துணி கெட்டித்தான் எறக்கணும்" என்பான் முருகதாஸ்.

பாதியில் சபை கமிட்டி யோவான் போன் செய்தார். அண்டா வந்து சேரவில்லையாம். ஓடினேன். கடைசியில் வந்தது, ஓட்டையோடு. வீட்டுக்கு வந்து முருகதாஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன்: "கேன் ரெடி. துணி கெட்டியிருக்கு."

ஜனவரி 19, ஞாயிறு

முருகதாஸ் விழுந்துவிட்டான். உயிர் இருக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்ல?

நேற்று சாம்பார் கொதிக்கும்போது செய்தி வந்தது. ஏறிப் பத்து நிமிஷத்தில் என்ஜின் இறுகி நின்றுவிட்டதாம். கடற்கரை மணலுக்குத் திருப்பப் பார்த்திருக்கிறான். எட்டவில்லை. தென்னை மட்டையில் இறக்கை மாட்டி, அங்கிருந்து கீழே. நான் போவதற்குள் ஆம்புலன்ஸ் போய்விட்டது. போலீஸ் வருகிறது என்றார்கள். நான் ஷெட்டுக்கு ஓடினேன். ஏன் ஓடினேன்? போகும்போதே தெரியும்.

அலமாரியில் ஆயில் அளவுக் கப். நிறைய ஆயில். சனிக்கிழமை அளந்து வைத்தது. ஊற்றவில்லை! ஆயில் கை பட்டால் துணி முடிச்சு வழுக்கும் என்று முதலில் துணியைக் கட்டினேன். பிறகு போன். பிறகு அண்டா. என் சட்டத்தை நானே மீறினேன், ஒரு முடிச்சுச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக.

அதோடு நின்றிருந்தால் நான் மறதிக்காரன், அவ்வளவுதான். நிற்கவில்லை. துணி கட்டின கேன் காலியாகக் கிடந்தது. பம்பு கேன் நிறைந்திருந்தது. கப்பிலிருந்த ஆயிலைப் பம்பு கேனில் ஊற்றினேன். காலி கேனிலிருந்து துணியை அவிழ்த்து அதில் கட்டினேன். இனிப் பார்ப்பவர்களுக்கு முருகதாஸ் துணி இல்லாத கேனை எடுத்ததாகத்தான் தெரியும்.

இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு கேனையும் பார்த்தார். "கேன் மாறிப் போச்சு, இல்லையா?" என்றார். நான் தலையாட்டினேன்.

ஜனவரி 29, புதன்

ஆஸ்பத்திரி. இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வு இல்லை. இனி வராது என்று டாக்டர் வெளியே வைத்துச் சொன்னார். அவன் மனைவி முத்துக்கனி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே போனதும் அவன் கேட்டது: "அண்ணே, நான் துணி கண்டனே. கண்டுதான் ஊத்துனேன்."

"வெட்டம் வரல்லியே மக்கா அப்போ. இருட்டுல கண்ணு ஏமாத்தியிருக்கும்."

நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான்.

பிப்ரவரி 22, சனி

முருகதாஸை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கடை பூட்டிக் கிடக்கிறது. ஊரில் ஒரே பேச்சு. டீக்கடையில் ஷாஜன் என்னைக் காட்டிச் சொல்கிறான்: "யேசுரத்தினம் அண்ணன் எவ்வளவு சூட்சுமமான ஆளு. இவனுக்குத்தான் ஒண்ணுலயும் கவனம் கிடையாது." நேசபாயும் அதையே சொன்னாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

இன்றைக்கு முருகதாஸிடம் சொல்லிவிடுவது என்று போனேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

படுத்தே கிடந்து அவனுக்கு முதுகில் புண் வந்திருக்கிறது. இன்று அவனாகவே சொன்னான்: "எனக்க தப்புதாண்ணே. கேன் மாத்தி எடுத்துட்டேன். உங்க கொசுவையும் நாசமாக்கிட்டேன்." என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்! என்னிடம்!

முத்துக்கனி உள்ளிருந்து, "இப்பம் சொல்லி என்ன செய்ய? அப்பம் கண்ணைத் தொறந்து பாத்திருக்கணும்" என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு வாக்கியம். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'மழை வருகுது' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி ஆராதனை. பாவ அறிக்கையை எல்லோரோடும் சேர்ந்து சொன்னேன். சேர்ந்து சொல்வது எவ்வளவு சௌகரியம்.

மே 7, புதன்

முருகதாஸ் போய்விட்டான். புண்ணிலிருந்து காய்ச்சல், காய்ச்சலிலிருந்து நெஞ்சில் சளி. நான்கு நாள். ஐம்பத்தொரு வயது.

தூக்கும்போது முன்னால் தோள் கொடுத்தேன். எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

மே 8, வியாழன்

இனி அவனிடம் சொல்ல முடியாது. நூற்றெட்டு நாள் இருந்தது என் கையில். எண்ணிப் பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. முத்துக்கனி வீட்டுக்குப் போனேன். காப்பி போடப் போனவளைத் தடுத்து உட்காரச் சொன்னேன். நான் நின்றேன். அளவுக் கப், துணி, பம்பு கேன், எல்லாவற்றையும் சொன்னேன். அண்டாவைப் பற்றிச் சொல்லவில்லை. அது சாக்கு.

பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"கடைசி நாள் வரைக்கும் கேட்டாவ. 'கனி, நான் துணி கண்டேன்லா? செவப்பாத்தானே இருந்து?' காய்ச்சலிலயும் அதேதான். நான் ஏசினேன். யேசுரத்தினம் அண்ணனுக்குத் தப்பு வராது, நீங்கதான் கண்ணு கெட்டுப்போய் எடுத்தியன்னு ஏசினேன். அண்ணைக்கும் ஏசினேன், சாவுத அண்ணைக்கும்."

எழுந்து சுவரில் மாட்டியிருந்த முருகதாஸின் படத்தருகே போனாள். மாலை காய்ந்திருந்தது. கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

"கேட்டியளா? நீங்க கண்டது செரிதான். செவப்புத் துணி கெட்டித்தான் இருந்திருக்கு."

அதை இரண்டு தடவை சொன்னாள். முருகதாஸுக்கு வலக் காது கொஞ்சம் மந்தம். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

ஜூன் 16, திங்கள்

போலீஸ் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம். நேசபாயிடம் நேற்றே சொல்லிவிட்டேன். வேறு அறையில் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 20, வெள்ளி

முத்துக்கனி போன் செய்தாள். நான் ஸ்டேஷனில் கொடுத்த கடுதாசியின் நகல் ஒன்று வேண்டுமாம். அவ்வளவுதான் பேசினாள். கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 28, சனி

வைண்டிங் கடை திறந்திருக்கிறது. முத்துக்கனியின் தம்பி வேலை செய்கிறான். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அங்கே கூடி நின்றார்கள். என்னைக் கண்டதும் விலகி வழி விட்டார்கள். யாரும் அண்ணே என்று கூப்பிடவில்லை.

முருகதாஸின் படத்துக்குக் கீழே மூன்று பக்கத்தையும் கண்ணாடித் தாள் ஒட்டி மாட்டியிருக்கிறாள். ரோட்டிலிருந்தே வாசிக்கலாம். என் கையெழுத்து எப்போதும் தெளிவு.