முப்பத்து மூன்றாம் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

தெருவில் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதியைத் துடைத்துவிட்டு, பதினான்கு புத்தகங்களில் வாசகர் குறிகளை அழித்தேன். புத்தகத்தை வாடகைக்குத் தரும் எங்கள் லெண்டிங் லைப்ரரிக்கு வருகிறவர்கள், படித்ததையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க உள்ளே ஒரு குறி போடுவார்கள். ஒருவர் மீன் வரைவார். ஒருவர் இரண்டு புள்ளி. சிலுவையம்மாள் அக்கா முப்பத்து மூன்றாம் பக்க மூலையில் பென்சிலால் சின்னச் சிலுவை. போன வருடக் கடைசியில் கடை முதலாளி சாலமோன் அண்ணாச்சி ஒரு ரப்பர் வாங்கி மேசையில் வைத்தார். "புஸ்தகம் சுத்தமா இருக்கணும் பிள்ள. ஒருத்தரே ரெண்டு தடவ எடுத்தா நமக்கென்ன நஷ்டம்?" தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஜூன் 9, திங்கள்

சிலுவையம்மாள் அக்கா ரயில்வே கேண்டீன் வேலை முடிந்து நேராக வந்தார். புடவையெல்லாம் பஜ்ஜி வாசனை. ஒரு துப்பறியும் கதையை எடுத்து முப்பத்து மூன்றைத் திருப்பினார். ஒன்றுமில்லை. "இத்த நான் படிக்கவேயில்ல" என்று பையில் போட்டுக்கொண்டார்.

படித்தவர்தான். சிலுவையை அழித்தது நான். வாடகையை வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

திருப்பித் தந்தார். "இன்னாமே ஜானட், மூணாம் பக்கத்துலயே கொலகாரன் யார்னு தெரிஞ்சி பூட்ச்சி! நான் போலீசுல சேந்திருக்கணும்."

அண்ணாச்சி சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூன் 13, வெள்ளி

இன்று ஆறு புத்தகங்களில் அழித்தேன். அக்கா புதிதாகப் போட்ட சிலுவையோடு அந்தத் துப்பறியும் கதையும்.

ஜூன் 20, வெள்ளி

அக்கா எடுத்துப்போன வேறொரு புத்தகத்திலும் முடிவு முன்னாலேயே தெரிந்துவிட்டதாம். அக்கா சிரிக்கவில்லை. அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்தார். மேசைமேல் குனிந்து, "எங்கம்மா இப்டித்தான் ஆரம்பிச்சாங்க. மொதல்ல சாவி. அப்பால என் பேரு. கடைசில நான் யார்னே தெரியாம பூட்டாங்க" என்றார்.

ரப்பர் என் உள்ளங்கையில் இருந்தது. இரண்டே வார்த்தை — நான்தான் அழித்தேன். ரப்பரை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

ஜூன் 21, சனி

அரசு நூலகமாக இருந்தால் அழிக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே புத்தகத்தை ஒருவர் பத்துத் தடவை எடுத்தாலும் அங்கே யாருக்கும் லாபமில்லை. ஆனால் அக்கா வேலை முடிந்து வருவதற்குள் அதைப் பூட்டிவிடுகிறார்கள். அவருக்குப் பிடித்த கதைகளும் அங்கே கிடையாது. அண்ணாச்சிதான் தேடித் தேடி வாங்குகிறார். ஒன்பதாவதோடு நின்ற எனக்குப் புத்தகங்களுக்கு நடுவே நாற்காலி போட்டவரும் அவர்தான்.

கடைதான் தப்பு என்று எழுதிவிட்டால் என் கை சுத்தமாகிவிடுமா?

ஜூன் 25, புதன்

சாப்பிடும்போது அம்மா சொன்னாள். "சிலுவையம்மா இன்னைக்கி வேலய வுட்டுட்டாளாம்டி. 'எண்ண சட்டிகிட்ட நிக்க பயமா கீது, எதனா மறந்துடுவேன்'னு அவளே சொல்லிட்டு வந்துட்டாளாம். இன்னா ஆச்சோ."

ஐயோ. நான் இன்னா பண்ணி வச்சிக்கீறேன்.

ஜூன் 26, வியாழன்

அந்தத் துப்பறியும் கதையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பென்சிலைச் சாய்த்து, முப்பத்து மூன்றாம் பக்க மூலையில் லேசாகத் தேய்த்தேன். அக்கா அழுத்திப் போட்ட தடத்தில், கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு சிலுவை எழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

"ரெண்டயும் நான்தான் அழிச்சேன்க்கா. கடையில எல்லாத்தயும் அழிச்சேன்."

அக்கா அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்போ எனக்கு ஒண்ணியும் இல்லியா?" சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இத்த முந்தாநேத்து வந்து சொல்றதுக்கு இன்னாடி?" என்றார்.



ஜூலை 7, திங்கள்

கேண்டீனில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

சாயங்காலம் அக்கா கடைக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்து, உள்ளே திருப்பாமலே மேசையில் வைத்தார்.

"நீ சொல்லு. படிச்சிட்டனா?"

அண்ணாச்சி கல்லாவில் இருந்தார்.

"படிச்சிட்டீங்கக்கா. மார்ச்சுல." சத்தமாகத்தான் வந்தது.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். நான் எழுந்து அலமாரிக்குப் போனேன், அக்கா படிக்காத ஒன்றைத் தேட.