அபாயச் சங்குக்குத் தைத்த உறை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிம்மாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இங்கே என் பொழுது போகிறது, அதைப் பொய்யாக்கிவிடாதீர்கள். நாங்கள் இருவரும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம். என் முழங்கால் வலி பழைய வலிதான், துணைக்குப் புதிதாக எதையும் கூட்டி வரவில்லை. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் டாக்டர் சொன்ன அளவிலேயே நிற்கிறது, எகிறுவதெல்லாம் எனக்குத்தான். விடுமுறைக்கு வருகிறோம், கீழே கடலைப் பார்த்திருக்கும் முன்னறையை எங்களுக்கு ஒதுக்கி வையுங்கள் என்று போனில் சொன்னாயாம். அவர் அன்றைக்கே அந்த அறைக்குப் புதுத் திரைச்சீலை மாட்டிவிட்டார். அந்த அறையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "உங்கம்மா சும்மா பயமுறுத்துறா, நீ டிக்கெட்டப் போடு" என்று நடுவில் புகுந்து பேச்சை முடித்துவிடுவார். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இயற்கையைக் கெடுக்காத விடுதி என்று நமக்குப் பச்சை இலைப் பலகை கிடைத்த கதை உனக்குத் தெரியும். பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது, தினமும் விரிப்பு மாற்றுவது கிடையாது, ஆமை முட்டையிட வரும் மாதங்களில் கடற்கரைப் பக்கம் விளக்குக் கிடையாது. நான் குறை சொல்லவில்லை. கரை சுத்தமாகத்தான் இருக்கிறது, எனக்கும் துவைக்கும் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. அப்பா அந்தப் பலகைக்குக் கீழே நின்று வருகிறவர்களிடம் பேச ஆரம்பித்தால் தேர்தலில் நிற்பவர் கெட்டார் போ. ஆனால் பலகையை வரவேற்பறையில் எங்கே மாட்டினார் என்று உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடல் உள்ளே வந்ததே, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் மாடிக்கு ஓடினாரே, அந்தத் தண்ணீர் சுவரில் விட்டுப்போன கறை மேல் மாட்டியிருக்கிறார். எத்தனை முறை வெள்ளையடித்தும் போகாத கறை இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்தத் தண்ணீருக்குப் பிறகுதான் கரையில் அபாயச் சங்கு வைத்தார்கள். "எங்க மொட்டமாடியிலயே வைங்க, நான் பாத்துக்கறேன்" என்று அதிகாரிகளிடம் கெஞ்சி வாங்கியவரும் உங்கப்பாதான். கடல் சரியில்லை என்றால் ஊருக்குள் இருக்கும் அலுவலகத்திலிருந்தே அதை ஊதுவார்கள். மாதம் ஒருமுறை சோதனைக்காகவும் ஊதும். அந்தச் சோதனைச் சத்தத்தில் ஒரு விருந்தாளி குளியலறையிலிருந்து துண்டோடு பாய்ந்து படியில் உருண்டுவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மானம்தான் போயிற்று. அந்தக் கோபத்தில், அமைதியான கடற்கரை என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள் என நெட்டில் ரிவ்யூ எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். நமக்கு மட்டுமில்லை, வரிசையாக எல்லா விடுதிக்கும் போட்டார். உடனே விடுதிக்காரர்கள் சங்கம் கூடியது. சங்கைக் கழற்றினால் குற்றம், அதனால் கழற்றாமல் என்ன செய்யலாம் என்று யோசித்து, அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டார்கள்! சிரிக்காதே, நிஜம். நம் அறைகளுக்குத் திரைச்சீலை தைக்கிற தையல்காரர் வந்து, பள்ளிக்கூடச் சீருடைக்குப் பிள்ளையை அளப்பது போல அதன் வாயை அளந்து, பழைய மெத்தைப் பஞ்சை உள்ளே வைத்துக் கனமாகத் தைத்துக் கொடுத்தார். ஆபத்து என்று தகவல் வந்தால் கழற்ற ஒரு கயிறு, கீழே நின்று இழுத்தாலே உறை விழுந்துவிடும். அப்பா இழுத்துக் காட்டினார், விழுந்தது, எல்லோரும் கைதட்டி டீ குடித்துவிட்டுப் போனார்கள். தகவல் சொல்வதற்குத்தானே அந்தச் சங்கே இருக்கிறது, அதன் வாயைக் கட்டிவிட்டால் தகவல் எப்படி வரும் என்று நான் கேட்டேன். "நீ போய் டீ கிளாஸ எடுத்து வை" என்றார்.

போன வாரம் நடந்ததை இப்போது சொல்கிறேன். மத்தியான நேரம், வானத்தில் ஒரு மேகம் இல்லை, காற்றும் இல்லை. எங்கேயோ நடுக்கடலில் அடித்த புயலின் அலை இங்கே வந்து சேரப்போகிறது என்று யாருக்குத் தெரியும்? நான் மாடியில் துணி மடிக்கிற அறையில் இருந்தேன், சங்குக்கு நேர் கீழே. யாரோ முகத்தில் தலையணையை அழுத்திக்கொண்டு முனகுவது போல ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் ஏறாமல் மோட்டார் ஓடுகிறது என்று நினைத்து எழுந்து போய்ப் பார்த்தேன், நம் மோட்டார் ஓடவே இல்லை. அப்படியென்றால் பக்கத்து விடுதி மோட்டார்தான், அவர்களுக்கு எப்போது பொறுப்பு இருந்தது என்று வாய்விட்டுத் திட்டிவிட்டுத் திரும்ப உட்கார்ந்து விரிப்பை மடித்தேன். சங்கு என் தலைக்கு மேலே கத்திக்கொண்டிருக்கிறது, நான் மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக்கொண்டிருக்கிறேன்.

விருந்தாளிகளைக் கண்ணாடி அடிப் படகில் மீன் பார்க்கக் கூட்டிப்போகும் படகுக்காரர்தான் கரையிலிருந்து, "தண்ணி படி ஏறிருச்சு, எல்லாரும் மேல போங்க" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். அப்பா கயிற்றைப் பிடித்து இழுத்தார். மழையில் ஊறி வெயிலில் காய்ந்து நைந்த கயிறு கையோடு வந்துவிட்டது, உறை அசையவில்லை. நான் கீழே இறங்குவதற்குள் வரவேற்பறையில் இடுப்பளவுத் தண்ணீர். அப்போதுதான் மாடிச் சாப்பாட்டு அறையில் இருந்த ஒரு பெண், "பாப்பா கீழ தூங்குது" என்று அலறினாள். முன்னறையில். நீ கேட்ட அதே அறையில். என்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் பூட்டைத் திறந்தும் கதவு நகரவில்லை, உள்ளே மேசை நாற்காலியெல்லாம் மிதந்து வந்து கதவை அடைத்துக்கொண்டிருந்தன. படகுக்காரரும் நானும் தோள் கொடுத்துத் தள்ளித்தான் நுழைந்தோம். கடல் பக்கத்துக் கண்ணாடிக் கதவு பெயர்ந்து கிடந்தது. முதலில் கட்டிலைப் பார்த்தேன். கட்டிலில் மெத்தையும் இல்லை, குழந்தையும் இல்லை. என் உயிர் என்னிடம் இல்லை மகளே. மெத்தை மிதந்து போய் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒட்டி நின்றது, அதன்மேல் குழந்தை, பாதி நனைந்து, தூக்கம்கூடக் கலையாமல். நம் குட்டிம்மா வயதுதான் இருக்கும். தூக்கித் தோளில் போட்ட பிறகுதான் விழித்து அழுதது.

தண்ணீர் வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் இல்லை. அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து அந்தக் கயிற்றுத் துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது, மனிதருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் பழைய ஆள்தான். சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, விருந்தாளிகள் எடுத்த போட்டோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கடலே எங்களைப் பார்க்க அறைக்கு வந்தது என்று யாரோ ரிவ்யூ எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். சங்கக்காரர்கள் மறுபடியும் கூடிப் பேசி முடித்தும்விட்டார்கள். தப்பு உறையில் இல்லையாம், கயிற்றில்தானாம். அதனால் புது உறை, நைலான் கயிறு. இனிமேலாவது அதன் வாயைக் கட்டாதீர்கள் என்று அப்பாவிடம் மன்றாடிப் பார்த்தேன். "சத்தம் கேட்டா எவன் வருவான்? அவன் வரலைன்னா நாம எங்க போறது?" என்றார். ஆனால் போன வாரத் தண்ணீருக்குப் பிறகு தினமும் சாயங்காலம் அலை முதல் படியைத் தொட்டுவிட்டுப் போகிறது, முன்பெல்லாம் அவ்வளவு தூரம் வராது. அவரும் பார்க்கிறார், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறார்.

எனவே முன்னறை உனக்குக் கிடையாது. கோபித்துக்கொண்டாலும் சரி. வந்தால் மாடியில் பின்னறை, என் பக்கத்தில். ஆனால் மாடியில் உன்னைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அந்த முன்னறையில் வேறு யார் பிள்ளையையோ தூங்கவைக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என் பேச்சு உங்கப்பாவுக்கு மோட்டார் சத்தம். ஊர்பேர் தெரியாதவர் எழுதுகிற ரிவ்யூ என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படிப்பார். நீ மகள் என்று சொல்லாமல் விருந்தாளி மாதிரி எழுது. இந்த விடுதியில் சங்கு சத்தமாக ஊதும் என்று தெரிந்தால்தான் என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவேன், இல்லையென்றால் வரமாட்டேன் என்று எழுது. உன் சிநேகிதிகளையும் எழுதச் சொல். பொய்யா என்று யோசிக்காதே, அதில் எந்த வார்த்தை பொய்? குட்டிம்மாவுக்குப் பெரிய சத்தம் என்றால் பயம் என்று போன தடவை சொன்னாய். பயப்படட்டும். அழுகிற பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரியும், தூக்கிக்கொண்டு ஓடலாம். தூங்குகிற பிள்ளையை முதலில் தேட வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். குட்டிம்மா கன்னத்தில் எனக்காக ஒரு முத்தம் கொடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். குளிர் காலத்தில் வெறுங்காலோடு தரையில் நடக்காதே. நான் சொன்னதை இன்றைக்கே எழுது, நாளைக்கு என்று தள்ளாதே. தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார். உங்கப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா