பன்னிரண்டு வாரத்தில் ஒரு கட்டு கீரை

மார்ச் 4, செவ்வாய்

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்கு நான் கொண்டுபோன கீரை என் தோட்டத்தில் விளைந்ததல்ல. சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது. அவர் வீட்டுத் தெருமுனையில் காரை ஓரங்கட்டி, பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் போட்டு, பாட்டில் தண்ணீரை நாலு சொட்டுத் தெளித்து, அப்போதுதான் பறித்தது போன்ற பசுமையை அதற்கு வரவழைத்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த என் வீட்டுக்காரர் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் கற்ற ஒரே ஆசனம் அது.

எல்லாம் வாய்க்கொழுப்பு. தொட்டியில் மீன் வளர்த்து, அந்தத் தண்ணீரில் கீரை வளர்த்து, கீரை சுத்தம் செய்த தண்ணீரை மறுபடி மீனுக்கே விடுகிற அக்வாபோனிக்ஸ் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். மறுநாளே பெரிய நீல டிரம் வாங்கினேன். மூன்று மாதமாக அதில் குடியிருப்பவை பழைய துடைப்பங்கள் இரண்டு. போனில் நாத்தனாரிடம் பேசும்போது மட்டும் என் கொல்லைப்புறம் காடாகச் செழித்தது.

இன்று காலை அவரிடமிருந்து போன். ஒரு பெண்கள் விடுதியின் சமையலறைக்கு அவர் பொறுப்பு. நாற்பது பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு.

"உன் கீரையைப் பத்திக் கமிட்டியில சொல்லிட்டேன்மா. விடுதிக்குப் பின்னால எட்டுத் தொட்டி போடலாம்னு பேச்சு. மே இருபத்தஞ்சு, ஞாயித்துக்கிழமை, நேர்ல வந்து பாக்கறேன். மறுநாள் கமிட்டி. உன்னை நம்பித்தான் வாயைத் திறந்திருக்கேன்."

அவர் ஒருத்தரைப் பாராட்டுவதே குதிரைக் கொம்பு. என்னை நம்பியிருக்கிறார். நான் கவிழ்த்தால் கமிட்டி முன்னால் அவர் பேச்சு செல்லாக்காசு. கையில் ஏறக்குறைய பன்னிரண்டு வாரம்.

மார்ச் 8, சனி

துடைப்பங்களுக்கு வேறு இடம் பார்த்தாயிற்று. கீழே தண்ணீர் நிரப்பிய டிரம், அதன்மேல் சரளைக்கல் பரப்பிய தட்டு, தண்ணீரை மேலே ஏற்ற ஒரு பம்பு. பம்பைப் போட்டதும் தண்ணீர் தட்டுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புக்குப் போனது.

அந்த அம்மா எட்டிப் பார்த்து, "இன்னொரு தடவை அலசணும்னு நானே நெனச்சேன்" என்றார். நல்ல மனுஷி.

வீட்டுக்காரர் குழாய் மூட்டை முறுக்கிச் சரி செய்தார். அவர் தொழில் நீச்சல் குளப் பராமரிப்பு. குழாயைக் கண்டால் கை தானாகப் போகும்.

மார்ச் 9, ஞாயிறு

உடனே மீனை விடக் கூடாதாம். மீன் கழிவில் அம்மோனியா இருக்கும். அதைச் செடிக்கு உரமாக மாற்றக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வந்து கல்லில் குடியேற வேண்டும். அதுவரை காலித் தொட்டிக்கு நாமே அம்மோனியா ஊற்றிவர வேண்டும். வராத விருந்தாளிக்குத் தினமும் சமைப்பது போல.

மார்ச் 17, திங்கள்

யாரும் வரவில்லை. நான் மட்டும் நாறுகிறேன்.

ஏப்ரல் 2, புதன்

வந்துவிட்டார்கள். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டால் நேற்றுவரை பச்சை காட்டிய அம்மோனியா இன்று மஞ்சளுக்கு இறங்கியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில், பல் பிடுங்கிக்கொண்டு வந்த ஒருவரிடம் முழுக்கதையும் சொன்னேன். வாயில் பஞ்சு இருந்ததால் அவர் குறுக்கே பேசவில்லை.

தண்ணீர் பச்சை பிடித்திருக்கிறது. கல்லெல்லாம் வழவழப்பு. கடந்து போகும்போதெல்லாம் வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். பச்சைத் தண்ணீர் அவருக்குச் சொந்த அவமானம்.

ஏப்ரல் 5, சனி

கிளினிக் முடிந்து வந்தால் தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது. டிரம்மின் அடியில் அச்சடித்த எண்ணைக்கூடப் படிக்கலாம். பக்கத்தில் வீட்டுக்காரர், பரிசு வாங்க நிற்பவர் மாதிரி.

"என்ன செஞ்சீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல. அரை மாத்திரை குளோரின். கல்லையும் நல்லாத் தேய்ச்சு வெச்சிட்டேன். உனக்கு எதுக்குச் சிரமம்னுதான்."

ஐயோ, என்னத்தைச் சொல்ல. நாலு வாரம் சோறு போட்டு வளர்த்த கூட்டம் — ஒரு பொட்டு மிச்சமில்ல, அரை மாத்திரையில முடிஞ்சுது. இந்த மனுஷன் கையில எது கெடைச்சாலும் நீச்சல் குளமா ஆக்கிடுவாரா? ஆசையா செஞ்ச அட்டூழியத்துக்கு எப்படித் திட்டறது?

திட்டினேன். நன்றாகவே வந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்னும் சரியாக ஏழு வாரம். தொட்டியும் தெளிவு, வீடும் அமைதி.

ஏப்ரல் 7, திங்கள்

மீன்குஞ்சு விற்கும் கடைக்காரரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

"உங்க வீட்டுக்காரர் என் கடைப் பக்கம் வராம பாத்துக்குங்கம்மா. தண்ணியை முழுசா மாத்தி ரெண்டு நாள் தொறந்து வையுங்க. குளோரின் போகட்டும். அப்புறம் இதைப் போடுங்க. என் பழைய தொட்டிக் கல்லு. அழுக்கைத் தொடாதீங்க, ஆளுங்க அதுலதான் இருக்காங்க. மூணு வாரத்துல பெருகிடுவாங்க."

ஒரு பை நிறைய அழுக்கைப் பக்கத்து இருக்கையில் வைத்து, சீட் பெல்ட் போட்டு அழைத்துவந்தேன். வீட்டுக்காரர் ஒரு அட்டையில் "சுத்தம் செய்யாதே" என்று எழுதித் தொட்டியில் கட்டினார். அவருக்கு அவரே எழுதிக்கொண்டது. பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கியது.

ஏப்ரல் 28, திங்கள்

பதினைந்து திலேப்பியாக் குஞ்சுகள், விரல் நீளம். தட்டில் கீரை நாற்றும் நட்டாயிற்று. ஒரு மீனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறேன். தான் ஒன்றும் செய்யாமல் மற்றவர்களைத் துரத்திக்கொண்டே இருக்கிறது.

மே 2, வெள்ளி

மூன்று மீன் போய்விட்டன. குற்றவாளி நான்தான். பக்கத்தில் போனாலே வாயைத் திறந்துகொண்டு வருகின்றனவே, பாவம் பசி என்று ஒரு நாளைக்கு ஐந்து வேளை தீனி போட்டேன். மிஞ்சியது அழுகி, அம்மோனியா எகிறிவிட்டது.

"மீனுன்னா வாயைத் தொறந்துகிட்டுத்தான் இருக்கும்மா. அதையெல்லாம் நம்பலாமா?" என்றார் கடைக்காரர்.

என்னை நம்பி ஒருத்தர் எட்டுத் தொட்டி போடப் பார்க்கிறார் என்று அவரிடம் சொல்லவில்லை.

மே 14, புதன்

வேர் பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் தினமும் காலையில் அளவுகோலோடு போய்க் கீரையை அளக்கிறார். இன்று இரண்டரை அங்குலம். குளிக்கும் அறையிலிருந்து சோப்போடு வந்து கேட்டுக்கொண்டேன்.

மே 24, சனி

நாளை வருகிறார். கீரை உள்ளங்கை உயரம். மொத்தமாக அறுத்தால் ஒரு கட்டுக்குத் தேறும், அதுவும் ஒல்லிக் கட்டு. அன்றைக்கு நான் கொண்டுபோனது இதைப்போல மூன்று மடங்கு.

சூப்பர் மார்க்கெட்டில் கீரை அடுக்கின் முன்னால் கால் மணி நேரம் நின்றேன். வேரோடு கூடிய கட்டுகள் இருந்தன. கல்லுக்குள் செருகிவிட்டால் யாருக்குத் தெரியும்? அவர் பார்ப்பார், எட்டுத் தொட்டி வாங்குவார், பிறகு அவருக்கு இந்த ஒல்லிக் கட்டு வரும். அப்போது நாற்பது பேருக்கு எதைப் போடுவார்?

வெங்காயம் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மே 25, ஞாயிறு

வந்தார். விரல் நீட்டி மீன்களை எண்ணினார். பன்னிரண்டு. கீரையைத் தடவிப் பார்த்தார்.

"இது ரெண்டாவது அறுப்பா?"

"முதல் அறுப்பு, அண்ணி. மார்ச்சுல குடுத்தது கடையில வாங்கினது."

வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார்.

"அப்ப கமிட்டியில நான் சொன்னது?"

"தப்பு. நான்தான் பொய் சொன்னேன்னு என்னைக் காட்டியே சொல்லிடுங்க."

முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். என்னென்ன கெட்டுப்போனது என்று கேட்டார். நினைவிலிருந்து சொன்னால் மறுபடி அலங்காரம் சேர்ந்துவிடும் என்று பயந்து, இந்த நோட்டை எடுத்துவந்து தொட்டி சமாச்சாரத்தை மட்டும் படித்தேன். குளோரின் வந்ததும் தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ இன்னும் திருந்தலையாடா? என் பள்ளிக்கூடப் பையைப் புத்தகத்தோட ஊற வெச்சவன்தானே."

கடைசியில் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "வீடியோவுல எல்லாருக்கும் நல்லாத்தான் வெளையுது. கெட்டுப்போனதைத் தேதி போட்டு எழுதி வெச்சவ நீ ஒருத்திதான். பொய் சொன்னதுக்குத் தனியா வெச்சுக்கறேன் உன்னை."

கீரையை அறுத்துக் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே தண்டை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார்.

மே 30, வெள்ளி

எட்டுத் தொட்டி இல்லை. சோதனைக்கு ஒன்றே ஒன்று. கமிட்டியில் நடந்ததை அவரே சொல்லிவிட்டாராம், சிரித்தார்களாம். சனிக்கிழமை சாயங்காலங்களில் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியது நான். அதுதான் எனக்கான தண்டனையாம். தண்டனை கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு தடவை "சரிங்க அண்ணி" சொல்லிவிட்டேன்.

நாளை காலை வந்து இந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளப் போகிறார், விடுதிச் சமையலறையில் ஒட்டுவதற்கு. குதிரைக் கொம்பு வரியை மையால் அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன், தெரியவில்லை.

இன்னும் ஒரு திருத்தம். மே 2-இல் மூன்று மீன் என்று எழுதியிருக்கிறேன். ஏழு. மறுநாளே நாலு வாங்கி விட்டுவிட்டேன்.