ஜெசிந்தாவோட பழைய எஸ்.எம்.பி.எஸ்.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதை முடிஞ்சதும் ஓரகத்தி ஜெசிந்தா என்னை அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. கொழுந்தன் பாண்டிக்குப் போய் அவ கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிட்டு வந்திருக்கான். கல்யாண வீடியோ எடிட் பண்ண அவளுக்குக் கத்துக் கொடுத்ததே நான்தான். எனக்கு என் வீட்டுக்காரர் ஒரு மவுஸ்கூட வாங்கித் தந்ததில்லை.

"அக்கா, உள்ள கரண்டு கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டி இந்தக் கார்டைத் தாங்குமா?"ன்னு கேட்டா.

தாங்காது. அது 450 வாட்ஸ்தான். வேலை பாதியில இருக்கும்போதே கம்ப்யூட்டர் அணைஞ்சிடும். அணையட்டுமே, தாங்கும்னு சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அந்த நேரம் பார்த்து டீ ஆத்திக் கொடுக்கிறா, பாவி.

"750 வாட்ஸ் வாங்கு. மலிவா இருக்குதுன்னு பேர் தெரியாத கம்பெனியை வாங்காதே, நம்ம உப்பளத்துக் காத்துக்குத் துருப்பிடிச்சிடும். கம்ப்யூட்டரை ஜன்னல் ஓரத்துலயும் வைக்காதே"ன்னு எல்லாத்தையும் ஒழுங்காத்தான் சொன்னேன்.

"அப்ப பழசை நீங்க எடுத்துக்குங்கக்கா. எனக்கு எதுக்கு இனிமே?"ன்னு சிரிச்சா.

எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. அவ வேணாம்னு கழிக்கிறதை நான் தூக்கிட்டு வரணுமா? என் கம்ப்யூட்டர்ல இருக்கிறது அதைவிடச் சின்னது. துருவேறிப்போய் ஃபேன் ராத்திரி பூரா கத்துது. இப்பவும் கத்திட்டுத்தான் இருக்குது.

வேணாம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எப்ப கழட்டுவ?"ன்னு கேட்டுட்டு வந்திருக்கேன்.