தார் பூசிய கோடு

தெருமுனையில் தார் காய்ச்சுகிறார்கள். வாசனை வீட்டுக்குள் வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. சட்டையை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

சைதாப்பேட்டை ஆற்றின் மேல் விக்டோரியா மகாராணி காலத்தில் ரயிலுக்குக் கட்டிய கல் பாலம். அதன் நடுத்தூணில் வெட்டிய கோடு ஒன்று. தண்ணீர் அதைத் தொட்டால் வண்டியை நிறுத்த வேண்டும். வருஷாவருஷம் ஐப்பசிக்கு முன்னால் அந்தக் கோட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது நம் இருவர் வேலை. நான் கயிற்றைப் பிடிப்பேன், நீ தொங்கிக்கொண்டு அடிப்பாய், பாட்டு வேறு.

யுத்தம் வந்தது. பாலத்தில் வெள்ளையாக எதுவும் தெரியக்கூடாது என்று உத்தரவு. அன்று நீ சின்னமலைக் கோவிலுக்குப் போயிருந்தாய். சுண்ணாம்பைச் சுரண்டினால் போதும். ஆனால் நான் வாளியோடு இறங்கி, கோடு, குழி எல்லாம் நிரம்பும்படி தூண் முழுக்கத் தாரை அப்பினேன். மேஸ்திரி முதுகில் தட்டிக்கொடுத்தார். அதில் எனக்குப் பெருமை வேறு!

திரும்பி வந்த நீ எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, ஜப்பான்காரன் இந்தக் கோட்ட பாத்துக்கினா குண்டு போடப்போறான்? மழைக்கு முன்னாடி சொரண்டிடு" என்றாய்.

"சொரண்டிடலாம், இன்னா அவசரம்?" என்றேன்.

மழை அவசரப்பட்டது. அன்று காலை ஆறு இரு கரையும் கொள்ளாமல் ஓடியது. பாலத்தின் மேல் நின்று பார்த்தோம். கறுப்புத் தூண், கலங்கல் தண்ணீர், கோடு எங்கே என்று தெரியவில்லை. தாம்பரம் வண்டி வரும் நேரம். என்னை ஒரு வார்த்தை திட்டாமல் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாய். தண்ணீருக்குள் கையை விட்டு, தாரை நகத்தால் கீறிக் குழியைத் தடவினாய்.

"ஒரு மொழம் உள்ள கீது! ஓடு, கொடியக் காட்டு!"

கயிற்றைக் கம்பியில் கட்டிவிட்டு ஓடினேன். வண்டி நின்றது. ஆபீசுக்கு நேரமாகிறது என்று சனங்கள் என்னைத்தான் ஏசினார்கள். திரும்பி வந்தபோது கயிறு அறுந்து தொங்கியது. மரம் ஒன்று அடித்துக்கொண்டு வந்து மோதியதாம். மூன்றாம் நாள் அடையாற்றுப் பக்கம் உன்னைக் கண்டெடுத்தோம்.

பாலத்தில் ஒரு கல்கூடப் பெயரவில்லை. இன்றும் அதன்மேல் வண்டி போகும்போது எனக்குக் கோபம் வருகிறது.

காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரி கேட்டாள்: "மேல இருந்தே கோடு தெரியும்னு சொல்வாரே அண்ணே, ஏன் எறங்கினாரு?"

"மழையில தெரியலம்மா" என்றேன்.

அந்த வருஷமே தாரைச் சுரண்டி எடுத்துவிட்டேன். குழியின் மூலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உளி வைத்தும் வரவில்லை. ஒவ்வோர் ஐப்பசிக்கும் அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கிறேன்.

இன்று அவளிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனேன். காப்பி கொடுத்தாள். உன் மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசைக் காட்டினாள். இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று டம்ளரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "மழை வரும்போல கீது, நனையாம போங்கண்ணே" என்றாள்.

நனைந்துகொண்டே வந்தேன். அவளிடம் சொல்ல வேண்டியதை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.