முன் சக்கரத்து ஆட்டம்

திருத்தங்கல்,
கார்த்திகை, புதன்கிழமை

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், கோயம்புத்தூரில் உன் தம்பி மணிகண்டராஜும் சுகம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று பத்திரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பேனா சரியில்லை, பஜாரில் புதிதாக வாங்கியது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ மூன்று வரி சொல்லிவிடுவாய். கடிதத்தில் அந்த வம்பு இல்லை, கடைசி வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நம் பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி லீவு முடிந்து இப்போதுதான் ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். மழை விடாமல் பெய்து, எம். புதுப்பட்டி ரோட்டிலிருந்து கம்பெனிக்குத் திரும்பும் மண்பாதை முழுவதும் கரிசல் சேறாகிக் கிடக்கிறது. அதில் நம் பழைய ஜீப்பைத் தவிர வேறு வண்டி உள்ளே போகாது, அதனால்தான் நீ தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது சொன்ன வார்த்தை எனக்கு அத்தனை கோபமாக இருந்தது. உன்னை விருதுநகர் ஸ்டேஷனில் விடப் போகும் வழியில் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் படபடவென்று ஆடியதே, அப்போது நீ, ஆடுறது வண்டி மட்டும் இல்லப்பா, உங்க கையும் ஆடுது, இனிமே வண்டிய எடுக்காதீக என்று சொன்னாய். நானும் ரோஷத்தில், ஜீப்பைச் சரிபண்ணிக் காட்டுகிறேன், அதற்குப் பிறகும் ஆடினால் சாவியை உன் அம்மா கையில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நான் செய்ததே தப்பு. சிவகாசியில் டயர் கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் அலைன்மென்ட் பார்த்து வந்தேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது, மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி இடது பக்கம் இழுத்தது. அப்புறம் ஜீப் வேலை பார்க்கும் நம் முனியராஜைக் கூப்பிட்டேன். அவன் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, அலைன்மென்ட்டு கடைசியில பாக்குறது அண்ணாச்சி, ஆட்டம் எங்கனன்னு தெரியாம வீலை நேரா நிறுத்துனா அது எப்படி நிக்கும் என்றான். கம்பெனி காம்பவுண்டுக்குள் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது, இரும்போடு இரும்பு உரசக் கூடாது என்பது உனக்குத் தெரிந்ததுதான், அதனால் வீட்டு வாசலிலேயே வேலை நடந்தது. காற்று சரிபார்த்து, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன் அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கினோம். மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து ஆட்டினால் இரண்டு பக்கமும் லொடக் லொடக்கென்றது. உன் அம்மாவை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னான். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங் கோளாறு, மிதித்த பிறகும் ஆடினால் சக்கரம் திரும்புகிற கிங்பின்னில் கோளாறு என்று அர்த்தமாம். வலது சக்கரத்தில் ஆட்டம் நின்றுவிட்டது, பேரிங்கை முறுக்கிக் கிரீஸ் வைத்தான். இடது சக்கரம் மிதித்த பிறகும் ஆடியது, கிங்பின்னைப் பிரித்து உள்ளே இருந்த மெல்லிய தகடு ஒன்றை எடுத்து இறுக்கினான். உன் அம்மா உள்ளே இருந்துகொண்டு, இம்புட்டு வருஷமா காபி போடத்தான் கூப்பிட்டாக, இன்னைக்குத்தான் பிரேக்கு போடக் கூப்பிடுதாக என்று முனியராஜிடம் என்னைக் கிண்டல் செய்தாள்.

அத்தோடு முடியவில்லை. சக்கரத்தை இரண்டு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டினால் இன்னும் எங்கோ தட்டியது. குனிந்து பார்த்தால் அடியில் எல்லாம் கறுகறுவென்று மின்னுகிறது, எது புதுசு எது பழசு என்றே தெரியவில்லை. ஆயுத பூஜை வந்தால் வண்டியைக் கழுவி அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்துச் சந்தனம் குங்குமம் வைப்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் உள்ள வியாதி, இந்த வருஷம் அதை அடித்தது சாட்சாத் நான்தான். முனியராஜ் வண்டியைத் தரையில் இறக்கி, அம்மாவை ஸ்டீயரிங்கைச் சின்னதாக இடமும் வலமும் திருப்பச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தான். இரண்டு சக்கரங்களையும் இணைக்கிற கம்பியின் நுனியில் ஒரு நட்டைச் சுற்றிப் பெயிண்ட் மட்டும் மயிரிழையாக வெடித்திருந்தது. அசையாத எடத்துல பெயிண்டு வெடிக்காது அண்ணாச்சி என்றான். நட்டும் லூஸ், உள்ளே இருந்த குமிழும் தேய்ந்துபோயிருந்தது. பூஜைக்கு அழகு பண்ணுகிறேன் என்று நோயின் மேல் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன், பார். புதுசு வாங்கி மாட்டினோம். கடைசியாக அலைன்மென்ட் அளக்க நான் வெடிக்குச் சுற்றும் சணலை எடுத்து நீட்டினேன், அது இழுக்க இழுக்க நீண்டு ஒவ்வொரு தடவையும் ஒரு அளவு காட்டியது. முனியராஜ் சிரித்துவிட்டு, டயர் நடுவில் சாக்பீஸ் கோடு போட்டு டேப்பை வைத்து, இரண்டு டயருக்கும் நடுவில் உள்ள இடைவெளி முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு நூல் அளவு குறைவாக இருக்கும்படி வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டதும் மூன்று பேரும் விருதுநகர் ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனோம். நீ பயந்த அதே குழியில் வேண்டுமென்றே இறக்கினேன், ஜீப் ஒரு சிணுக்கம் இல்லாமல் ஏறி நேராகப் போனது. உனக்கு அப்போதே போன் போட்டு ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. கைய லேசா எடுங்க அண்ணாச்சி, நேரா போகுதான்னு பாப்போம் என்றான் முனியராஜ். எடுத்தேன், ஸ்டீயரிங் கல் மாதிரி அசையாமல் நின்றது. மறுபடி பிடித்தேன், மெல்ல ஆடியது. திரும்ப எடுத்தேன், நின்றது. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன், அணைத்த பிறகும் ஸ்டீயரிங் மேல் இருந்த என் இடது கை ஆடிக்கொண்டேதான் இருந்தது. பிரேக்கை மிதித்த பிறகும் ஆடினால் பேரிங் இல்லை, இன்ஜினை அணைத்த பிறகும் ஆடினால் ஜீப் இல்லை, இதைப் புரிந்துகொள்ள எனக்கு மெக்கானிக் தேவைப்படவில்லை. வெட்கமாக இருந்தது அனு, பயமாகவும் இருந்தது. சாவியை எடுத்து உன் அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு, நீங்க இந்தப் பக்கம் வாங்க என்று மட்டும் சொல்லி, சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எப்போதோ ஓட்டிப் பழகியதோடு சரி, மூன்றாவது கியரில் போக வேண்டிய ரோட்டில் இரண்டிலேயே உறுமிக்கொண்டு வீடு வந்து சேர்த்தாள், நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளே போர்மேன் சிவபாண்டியிடம், இனி மருந்து கலக்கும் அறைக்குள் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போகிற இடம் அது, ஆடுகிற கைக்கு அங்கே வேலை இல்லை. நீ இதைக் கேட்க மறந்திருப்பாய், ஆனால் ராத்திரி படுத்தால் நினைவு வரும், அதனால் நானே எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை மதுரையில் நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறோம், அவரும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துத்தான் சொல்வார். நீ லீவு போட்டுவிட்டு ஓடி வர வேண்டாம். மாப்பிள்ளையிடம் உங்கள் காரின் டயர் காற்றைப் பார்க்கச் சொல், வெயில் காலம் என்றாயே. அடுத்த தடவை நீ வரும்போது ஸ்டேஷனுக்கு ஜீப் வரும், அம்மா ஓட்டுவாள், கியரைப் பற்றி மட்டும் அவளிடம் ஒன்றும் சொல்லிவிடாதே.

நீங்கள் இருவரும் பதினாறும் பெற்று நீடூழி வாழ என் மனமார்ந்த ஆசீர்வாதம். முதலில் பேனாவைக் குறை சொல்லியிருந்தேன். கவரின் மேல் உன் விலாசத்தை அம்மா இதே பேனாவில்தான் எழுதியிருக்கிறாள், முத்து முத்தாக இருக்கிறது, பார். பேனா நல்ல பேனாதான்.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
ரத்தினசாமி