விளம்பரச் சோறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே சுகம்தான். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதை விட்டாரா, இல்லை அதே பிடிவாதமா?

விளம்பரக் கம்பெனி வேலை நன்றாகவே போகிறது. நேற்று ஒரு கூத்து. சமையல் எண்ணெய் விளம்பரம். மகனாக நடிப்பவர் மேக்கப் போட்டுக்கொண்டிருந்ததால், லைட் சரிபார்க்க அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். அதுவும் என் வேலைதான். எதிரே அம்மாவாக நடிக்கும் அக்கா, ஒத்திகைக்காகத் தட்டை என் பக்கம் நகர்த்தி, "என்ன பாத்துட்டே இருக்க? ஆறிடப் போகுது, சாப்பிடுப்பா" என்றார். நானும் பிசைந்து ஒரு வாய் போட்டுவிட்டேன்.

கேமராவில் பளபளக்க அந்தச் சோற்றில் கிளிசரின் தடவியிருந்தார்கள். அதை அலங்கரிக்கவே காலை முழுக்க ஆகியிருந்தது. டைரக்டர் கத்தினார்: "யாருடா உன்னச் சாப்பிடச் சொன்னது?"

"அம்மாதான் சார்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

செட்டே சிரித்தது. அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

என்னை உதவி இயக்குநராக்கும் பேச்சு கொஞ்சம் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். வயிறும் சரியாகிவிட்டது, கவலைப்படாதே.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் விளிம்பு நசுங்கிய என் தட்டைக் கொடுத்தனுப்பு. ஷூட்டிங் வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டதும் அப்பாவிடம் கொடுத்துவிடாதே, அம்மா. நான் பதில் சொல்லும்வரை இரு.

உன் மகன்